கையோடு வந்த கைப்பிடி

"பிள்ளைங்களா, கதவு திறக்க மாட்டேங்குது. கைப்பிடி கையோட வந்துடுச்சு" என்று சார் சொன்னதும், ஐந்து பிள்ளைகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"சூப்பர் சார்! போன வாரத்தை விட இது நல்லா இருக்கு!"

"நடிப்பு இல்லடா. நிஜமாவே மாட்டிக்கிட்டோம்."

"போன வாரமும் இதே வசனம்தான் சார் சொன்னீங்க" என்றாள், வாதாடியே வக்கீல் என்று பட்டப்பெயர் வாங்கிய சிறுமி.

கையில் பித்தளைக் கைப்பிடியோடு அவர் விழித்தார். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. போன வாரம் கால் சுளுக்கிவிட்டதாகத் தரையில் உருண்டவர் அவர்தான். அதற்கு முந்தைய வாரம் மயங்கி விழுந்தவரும் அவர்தான். மயக்கம் தெளிவிக்கிறேன் பேர்வழி என்று ஒரு பையன் காதுக்குள் தண்ணீர் ஊற்றியதில் மூன்று நாள் எதைக் கேட்டாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. அதற்கும் முன்பு, தன் செருப்பைத் தானே ஒளித்துவைத்துவிட்டுத் திருடன் வந்ததாகச் சத்தியம் செய்திருந்தார். பிறகு அதை எங்கே ஒளித்தோம் என்று மறந்து வெறுங்காலோடு வீடு போனது தனிக் கதை.

எல்லாம் அவர் நடத்தும் யோசனை வகுப்புக்காக. நூலகத்தின் மாடியில் ஓர் அறை. பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளைக் கூட்டாக உட்காரவைத்து ஒரு சிக்கலைக் கொடுப்பார். அவர்களாகப் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, அவிழ்க்க வேண்டும். இரண்டே விதிகள். ஒன்று, எதையும் கேட்காமல் நம்பாதே. இரண்டு, அறைக்குள் பெரியவர்கள் யாரும் விடை சொல்லக் கூடாது.

பிள்ளைகளின் பெற்றோர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கேள்விக்குறி. கழுத்து கொஞ்சம் முன்னால் வளைந்த, ஒல்லியான, உயரமான மனிதர், "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டால்கூட "எங்கே இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பவர். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. தெரிந்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் பெற்றோர்கள் கோபித்துக்கொண்டார்கள். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொன்னா, போன வாரம் அஞ்சு நிமிஷம்னு சொல்லி எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு கணக்குக் காட்டுறா சார் என் பொண்ணு!" என்று ஓர் அப்பா நூலகத்துக்கே வந்து புலம்பினார். "தூங்குடான்னா, எனக்குத் தூக்கம் வருதுங்கறதுக்கு ஆதாரம் என்னங்கறான்" என்றார் ஓர் அம்மா. போதாக்குறைக்குப் பக்கத்து அறையில் நடன வகுப்பு. அந்த மாஸ்டர் இந்த அறையின் மேல் கண் வைத்து, சுவர் எத்தனை அடி, கண்ணாடி எங்கே மாட்டலாம் என்றெல்லாம் வாசலில் நின்று அளக்க ஆரம்பித்து மாதக் கணக்காகிறது.

கடைசியில் நூலகக் குழு முடிவெடுத்தது. "இன்னிக்கு குழுவிலேருந்து ஒருத்தர் உங்க வகுப்பைப் பார்க்க வருவாங்க. பிடிச்சிருந்தா தொடரலாம். இல்லேன்னா அறை டான்ஸுக்கு" என்று காலையில் நூலக குமாஸ்தா போனில் சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "இன்னிக்காவது மயங்கி விழாதீங்க. அப்புறம், வர்றவங்களைக் கொஞ்சம் பேச விடுங்க. எல்லாம் தெரிஞ்ச மாதிரி நீங்களே பேசிட்டிருக்காதீங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் கேள்விக்குறி.

வந்தவர் சரியான நேரத்துக்கு வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் கனமான கறுப்புத் தோல் பை. வாசலிலேயே நின்று கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதில் ஒட்டியிருந்த 'கேள்வி கேள்!' என்ற பிள்ளைகளின் வண்ணத்தாளைத்தான் ரசிக்கிறார் என்று கேள்விக்குறிக்குப் புளகாங்கிதம். ஓடிப் போய் வரவேற்றார்.

"சார், நான் வந்து..."

"தெரியும் சார், எல்லாம் தெரியும்! உள்ளே வாங்க. போன் மட்டும் இந்த டின்ல போட்டுடுங்க. எங்க வகுப்புல யாரும் போன் கொண்டுவரக் கூடாது, நான் உட்பட. பாருங்க, என்னுதும் இதுலதான்."

வராந்தா ஸ்டூலில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வந்தவர் தயக்கத்தோடு போனைப் போட்டார். கேள்விக்குறி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் இன்னொரு டம்ளர் கொடுத்தார். பக்கத்து அறையில் தொம் தொம் என்று பாட்டு ஆரம்பிக்கவும், விருந்தாளிக்குத் தொந்தரவாக இருக்குமே என்று கதவைச் சாத்தப் போனார்.

வந்தவர் பாதி எழுந்து, "சார், அதைப் பிடிச்சு இழுக்கா..." என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இந்தக் கைப்பிடி ஆடுகிறது என்று கேள்விக்குறி குமாஸ்தாவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, சொல்வதையே விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இப்போது அந்தப் பக்கத்துக் கைப்பிடி, இரண்டையும் இணைக்கும் சதுரக் கம்பியோடு சேர்ந்து, வெளியே தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கதவில் மிஞ்சியது ஒரு சின்னச் சதுர ஓட்டை.

அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"பாப்போம்!" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் வந்தவன் ஸ்க்ரூ. பேருக்கேற்ற பையன். அவன் வீட்டில் கடிகாரம், குழாய், அப்பாவின் ரேடியோ எல்லாம் அவன் கழற்றி மாட்டியதில் இரண்டு தடவை பிறந்தவை. ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சதுரக் கம்பி திரும்பினா பூட்டோட நாக்கு உள்ளே போகும். கம்பி இல்லே. அவ்வளவுதான். ஏதாவது சொருகித் திருப்பினா போதும்."

"சூடு சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பால் குடிக்கணும். அவசரப்படாதே" என்றான் சந்தேகம். பொழுது விடிந்ததா என்பதைக்கூட இரண்டு சன்னல் வழியாகப் பார்த்த பிறகே ஒத்துக்கொள்கிறவன்.

ஸ்க்ரூ அவசரப்பட்டான். பென்சிலைச் சொருகித் திருப்பினான். டொக் என்றது. பாதிப் பென்சில் அவன் கையில். மீதிப் பாதி ஓட்டைக்குள், கச்சிதமாக, கார்க் அடைத்த மாதிரி.

நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பரவாயில்லே சார்!" என்று அவர் பக்கம் திரும்பி இளித்தார் கேள்விக்குறி. "தவறு செஞ்சுதான் கத்துப்பாங்க. எங்க முறையே அதுதான்!"

வக்கீல் அடுத்த யோசனை சொன்னாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் ஸ்கேலை விட்டு நாக்கைத் தள்ள வேண்டும். எல்லோரும் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஸ்கேல் பாதி தூரம் போனது. அதற்கு மேல் போகவில்லை. திரும்பியும் வரவில்லை. இழுத்தால் கதவு இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொண்டது.

"இப்போ கதவும் திறக்காது, ஸ்கேலும் கிடைக்காது" என்றான் பசி. எந்தச் சிக்கலிலும் அவனுக்குத் தெரிவது அதில் சாப்பிட ஏதாவது உண்டா என்பதுதான். "வீட்டுக்குப் போனா எனக்கு அடி வாங்கித் தரப்போற ஸ்கேல் அது."

கேள்விக்குறி பொறுமை இழந்தார். விதியாவது ஒன்றாவது. "தள்ளுங்க எல்லாரும்" என்று ஓடிவந்து தோளால் கதவை இடித்தார். கதவு அசையவில்லை. கதவுக்கு மேலே மாட்டியிருந்த 'நிதானமாக யோசி' என்ற பலகை கழன்று அவர் தலையில் விழுந்தது.

பிள்ளைகள் மறுபடியும் கைதட்டினார்கள். "இது ரிகர்சல் பண்ணினதா சார்?"

உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டு அவர் சுவரைத் தட்டினார். "மாஸ்டர்! மாஸ்டர்! கொஞ்சம் வாங்களேன்!" தம் தம் என்று தட்டினார். பக்கத்து அறையில் பாட்டுச் சத்தம் கூடியது. அவர் தட்டியதற்கேற்ப அங்கே பத்துப் பன்னிரண்டு பாதங்கள் குதிப்பது தெளிவாகக் கேட்டது. நடன மாஸ்டரின் குரலும் கேட்டது: "ஆங்! அந்தத் தாளத்தைப் பிடிச்சுக்குங்க!"

கேள்விக்குறி தட்டுவதை நிறுத்தினார். சன்னலுக்குப் போனார். கம்பி போட்ட சன்னல். கீழே நூலகத்தின் பின்புறம், ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. ஒரு பூனை மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்பதுபோல நகர்ந்தது.

திரும்பிப் பார்த்தார். வகுப்பிலேயே சிறியவள், ஐந்து வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத பொடிசு, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெரிய மனிதரின் காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஏதோ பதில் சொன்னார். பொடிசின் கண்கள் விரிந்தன. ஓடிப் போய் மற்ற நால்வரையும் இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். ஐந்து தலைகள் ஒன்றாகச் சேர்ந்தன. குசுகுசு. ஐந்து தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தவரைப் பார்த்தன. மறுபடியும் குசுகுசு.

"ஏய், சார்கிட்ட என்ன கேட்டே? மரியாதையாத்தானே பேசினே?" என்று பதறினார் கேள்விக்குறி.

பதில் சொன்னது வக்கீல். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், நாங்க கூடிப் பேசி ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். உங்க ரெண்டாவது விதிப்படி, அறைக்குள்ள இருக்கிற பெரியவங்க யாரும் வாயே திறக்கக் கூடாது. கையையும் வைக்கக் கூடாது. யாரா இருந்தாலும் சரி." கடைசி வாக்கியத்தை நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

வந்தவர் வாயைத் திறந்தார். "இல்லம்மா, நான் ஒரே ஒரு..."

"பார்த்தீங்களா சார்!" என்று கேள்விக்குறி பாய்ந்தார். பெருமையில் கழுத்து வளைவே நிமிர்ந்துவிட்டது. "உதவியே வேணாங்கறாங்க! இந்த வயசுல எந்தப் பிள்ளைக்கு சார் இந்த வைராக்கியம் வரும்? தயவுசெஞ்சு நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. பார்வையாளரா மட்டும் இருங்க."

வந்தவர் அவரைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, சரி உங்க இஷ்டம் என்பதுபோல இரண்டு கையையும் விரித்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார். அது ஓய்வுக்காகவா, குடித்த தண்ணீருக்காகவா என்பது தெரியவில்லை.

பிள்ளைகள் காம்பஸ் முனையால் பென்சில் துண்டைக் குத்தி எடுக்கப் பார்த்தார்கள். அது இன்னும் உள்ளே போய் உட்கார்ந்தது. ஸ்க்ரூவும் வக்கீலும் சண்டை போட்டார்கள். "உன்னாலதான்!" "உன் ஸ்கேல் யோசனை மட்டும் ஒழுங்கா?" "அது என் ஸ்கேல்" என்றான் பசி. சந்தேகம் தரையில் உட்கார்ந்து, "எனக்கு இது சார் செட்டப்தானான்னே இப்போ டவுட்டா இருக்கு" என்றான்.

கேள்விக்குறியின் மனக்கண்ணில் இந்த அறையின் சுவர் முழுக்கக் கண்ணாடி மாட்டப்பட்டது. அதில் இருபது பேர் குதித்தார்கள். அடுத்த வாரம் இந்த ஐந்து பேரும் எங்கே போவார்கள்? பள்ளிக்கூடத்தில் ஸ்க்ரூவைக் குரங்குக் கை என்கிறார்கள். வக்கீலைக் கண்டால் ஆசிரியர்களே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். பொடிசுக்கு இங்கே மட்டும்தான் பேச்சு வருகிறது, அதுவும் அளந்து. இவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. உண்மையைச் சொன்னால், அவருக்கும் கிடையாது.

நாற்காலியில் இருந்தவர் பெருமூச்சு விட்டு, தன் பையின் மேல் கை வைத்தார். ஜிப்பைப் பிடித்தார்.

போச்சு, குறிப்பெழுதக் காகிதத்தை எடுக்கிறார் என்று கேள்விக்குறி உறைந்து போனார்.

"ஊஹூம்!" என்று ஐந்து பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பையின் மேலிருந்து கை விலகியது.

அப்போதுதான் வெளியிலிருந்து அந்தக் குரல் வந்தது. மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு ஒரு பெண் குரல். "யாருங்க உள்ளே? ஏன் கதவை இப்படி இடிக்கறீங்க?"

ஐந்து பேரும் கதவில் போய் ஒட்டிக்கொண்டார்கள். "ஆன்ட்டி! கீழே கைப்பிடி கிடக்கா பாருங்க!" "ஆன்ட்டி, ஸ்கேலை அந்தப் பக்கம் தள்ளுங்க!" "தள்ளாதீங்க ஆன்ட்டி, இழுங்க!" "ஆன்ட்டி, நீங்க உயரமா குட்டையா?" "ஆன்ட்டி, சாப்பிட ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ, ஒண்ணுமே புரியலையே! ஒவ்வொருத்தரா பேசுங்களேன்!"

சட்டென்று ஐந்து பேரும் கத்துவதை நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஸ்க்ரூ மெதுவாகச் சொன்னான்: "என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். ஆனா புரியற மாதிரி எனக்குச் சொல்ல வராது. நீ சொல்லு." சற்று முன் சண்டையில் அவன் தலைமுடியைப் பிடிக்கப் போன அதே வக்கீலிடம் சொன்னான். வக்கீல் தலையாட்டினாள். "நான் சொல்றேன். சந்தேகம், நான் சொல்றது தப்புன்னா என் கையைக் கிள்ளு."

"ஒரு நிமிஷம்" என்றான் சந்தேகம். "அவங்களும் பெரியவங்கதானே? விதி?"

வக்கீல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "விதி அறைக்குள்ள இருக்கிற பெரியவங்களுக்கு. அவங்க வெளியே இருக்காங்க. அதனால அவங்க பெரியவங்க இல்லே, கருவி."

"எல்லாம் காதுல விழுதும்மா" என்றது வெளியே இருந்த கருவி. "சொல்லு, கைப்பிடி ஸ்டூலுக்கு அடியில கிடக்கு. குனியணும். முட்டி வேற வலிக்குது... ஆங், எடுத்துட்டேன். நீளமா ஒரு கம்பி இருக்கு."

"ஆன்ட்டி, நீங்க சார் ஏற்பாடு பண்ணின ஆளா?" என்றான் சந்தேகம்.

"எந்த சாரு?"

"நல்லா நடிக்கறாங்க" என்று அவன் மற்றவர்களிடம் சொன்னான்.

வேலை நடந்தது. உள்ளிருந்து குத்தினால் பென்சில் துண்டு இன்னும் ஆழமாகத்தான் போகும். அந்தப் பக்கத்திலிருந்து கம்பியால் தள்ளினால் நம் பக்கம் வந்து விழும் என்று ஸ்க்ரூ சொல்ல, வக்கீல் அதைத் தமிழாக்கி வெளியே அனுப்பினாள். பென்சில் துண்டு பொத்தென்று தரையில் விழுந்தது. ஸ்கேலுக்குப் பசி வழி சொன்னான். டிபன் டப்பாவைத் திறந்து ரொட்டியில் தடவியிருந்த வெண்ணெயை விரலால் வழித்து இடுக்கில் பூசினான். வாழ்நாளில் அவன் செய்த முதல் தியாகம். ஸ்கேல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதை நக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, சபை கருதிச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இப்போ கம்பியைச் சொருகித் திருப்புங்க ஆன்ட்டி!"

கிர்ர்ர் என்று கம்பி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பூட்டின் நாக்கு அசையவில்லை.

"தேய்ஞ்சு போச்சு" என்றான் ஸ்க்ரூ. குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. "கம்பி ஒல்லியாயிடுச்சு. ஓட்டை பெருசாயிடுச்சு. வீணா சுத்துது."

பக்கத்து அறையின் தொம் தொம் மட்டும் கேட்டது. நாற்காலியில் இருந்தவர் விளிம்புக்கு வந்து, முழங்கால்மேல் கைகளை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விக்குறிக்கு அவர் இருப்பதே மறந்துவிட்டது. என்ன ஆச்சரியம் என்றால், வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்கே விடை தெரியாது. ஆனால் கேட்க அவரிடம் ஒரு கேள்வியும் இல்லை. சும்மா நின்றார்.

பொடிசு மேசைக்குப் போனாள். அன்றைக்குப் பிள்ளைகளைக் காகிதப் பாலம் கட்டவைப்பதற்காகக் கேள்விக்குறி கொண்டுவந்திருந்த பழைய செய்தித்தாள் கட்டு அங்கே தொடப்படாமல் கிடந்தது. ஒரு தாளை நீளமாகக் கிழித்தாள். தன் காலைச் சுட்டிக் காட்டினாள்.

"என் ஷூ பெருசு" என்றாள். "அக்காவோடது. உள்ளே பேப்பர் வெச்சிருக்கேன். இப்போ ஆடாது."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. ஸ்க்ரூவுக்குப் புரிந்தது. "கம்பிக்கும் பேப்பர் சுத்தினா ஆடாது!" என்று கத்தினான்.

கதவுக்கு அடியில் காகிதத் துண்டு வெளியே போனது. "நாலா மடிங்க ஆன்ட்டி. கம்பி மேல இறுக்கமா சுத்துங்க. நகத்தால அழுத்துங்க." சந்தேகம் கிள்ளினான். "மன்னிக்கணும் ஆன்ட்டி, முனை வரைக்கும் சுத்துங்க. ஆங். இப்போ மெதுவா சொருகுங்க. மெதுவா. திருப்புங்க."

டக்.

அத்தனை நேரம் இத்தனை பேரை ஆட்டிவைத்த பூட்டு, தும்மலை அடக்கியவன் மாதிரி ஒரு சின்னச் சத்தம் போட்டது. கதவு திறந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவராக வராந்தாவில் போய் விழுந்தார்கள். முதலில் கைதட்டியது நாற்காலிக்காரர்தான். எழுந்து நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். தட்டிக்கொண்டே வராந்தாவின் கோடியில் இருந்த கழிப்பறையை நோக்கி ஓடினார்.

கேள்விக்குறி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், கையில் கைப்பிடியோடு, விரல் நகமெல்லாம் அச்சு மையோடு, சிரித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குதித்தார்கள். "நல்ல கருவி ஆன்ட்டி நீங்க!" என்றாள் வக்கீல். அவள் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

திரும்பி வந்த விருந்தாளியின் முகத்தில் உலகத்தையே மன்னித்துவிட்ட நிம்மதி. கேள்விக்குறி எழுந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "சார், நடந்ததை வெச்சு எங்க வகுப்பை எடை போட்டுடாதீங்க. பென்சில் உடைஞ்சது, பலகை விழுந்தது, எல்லாம் உண்மைதான். ஆனா குழுவுல நீங்கதான் எடுத்துச் சொல்லணும், இந்த அறை மட்டும்..."

"அதை ஏன் அவர்கிட்ட சொல்றீங்க?" என்றார் அந்தப் பெண்மணி. "குழுவோட புதுச் செயலாளர் நான்தான். பஸ் கிடைக்காம தாமதமாயிடுச்சு. வகுப்பைப் பார்க்கத்தான் வந்தேன்."

கேள்விக்குறியின் கைகள் அந்தரத்தில் நின்றன.

"வந்து பார்த்தா, வகுப்பு என்னையே சேர்த்துக்கிச்சு" என்று அவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார். "எத்தனையோ கூட்டத்துல உட்கார்ந்திருக்கேன். ஒருத்தர் பேசும்போது நாலு பேர் வாயை மூடிட்டிருந்து நான் பார்த்ததே இல்லே. அறை உங்களுக்குத்தான். டான்ஸ் மாஸ்டருக்கு நான் வேற இடம் பார்க்கறேன்."

கேள்விக்குறி கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதுபோலத் தேய்த்துக்கொண்டார். உடம்பு முழுக்க ஒரு லேசு. அந்த லேசு நிலைக்கவில்லை.

"ஆனா ஒண்ணு கேட்கணும்" என்று செயலாளர் புருவத்தைச் சுருக்கினார். "இந்தக் கைப்பிடி ரொம்ப நாளா ஆடுதுன்னு குமாஸ்தா சொன்னார். இன்னிக்கே சரி பண்ணச் சொல்லி, எனக்கு முன்னாடியே ஒரு பூட்டு ரிப்பேர்காரரை அனுப்பியிருந்தேனே. அவர் வரவே இல்லையா?"

கேள்விக்குறி வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கறுப்புப் பையைப் பார்த்தார். காலையில் மனைவி சொன்னது காதில் ஒலித்தது. எதையும் கேட்காமல் நம்பாதே என்ற விதியைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியவர், நீங்கள் யார் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. செயலாளரின் பார்வையும் இப்போது அந்தப் பையின் மேல்தான் இருந்தது. கிடைத்த அறை, கிடைத்த வேகத்திலேயே கையை விட்டு நழுவுவது தெரிந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து பொடிசிடம் கேட்டார்: "இப்போ நான் பேசலாமா பாப்பா?"

"வேணாம் அங்கிள், நான் சொல்றேன்" என்ற பொடிசு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூச்சு விடாமல் பேசினாள்: "இவர்தான் ஆன்ட்டி அவரு, நான் அப்பவே கேட்டுட்டேன், பூட்டுக்காரரையே உள்ளே உட்கார வெச்சு, அவரு வாயைத் திறக்கறப்போ எல்லாம் தண்ணி கொடுத்து அடக்கி, நாங்க சுலபமான வழிக்கு மயங்கறோமான்னு சார் டெஸ்ட் பண்றார்னு அஞ்சு பேரும் உடனே கண்டுபிடிச்சுட்டோம்!"